ஜப்பானியர் இல்லமும் நீத்தார் வழிபாடும்

(ஆடி அமாவாசைச் சிறப்பு வழிபாட்டுக்குப் பின் ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை இந்த மண்டபத்தில் எள்ளும் தண்ணீரும் இறைத்து அவரவர் முன்னோரை நினைத்துக் கொண்டோம். அந்த ஈரம் காய்வதற்குள் ஒருவன் ஜப்பானைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். செயலவைக் கூட்டத்தில் நான் இந்தத் தலைப்பைச் சொன்னபோது, "வாத்தியார் ஐயா, ஆடி அமாவாசைக்கும் ஜப்பானுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒருவர் கேட்டே விட்டார். சம்பந்தம் உண்டு. முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். மணி அடித்தால் நிறுத்திவிடுவேன், அஞ்ச வேண்டாம்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் தந்தையைப் பெற்ற தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1943ஆம் ஆண்டு, சயாம் ரயில் பாதை வேலைக்குத் தோட்டத்திலிருந்து ஆள் எடுத்தபோது அவரையும் லாரியில் ஏற்றிச் சென்றார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்களாம். அவர் திரும்பவில்லை. சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளம் அந்தப் பாதை. அதில் எந்த இடத்தில், எந்த நாளில் அவர் உயிர் பிரிந்தது என்று சொல்ல ஒருவரும் இல்லை. பாட்டியோ, "அவர் செத்ததை யார் பார்த்தது?" என்று கேட்டு, தம் கடைசி நாள் வரை நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை. பாட்டி காலமான பிறகுதான் என் தந்தை தாத்தாவுக்கும் சேர்த்து நீர் விடத் தொடங்கினார். நாள் தெரியாதவருக்குத் திதி ஏது? ஆடி அமாவாசையே எங்கள் தாத்தாவின் திதி ஆயிற்று.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் நான். 1982இல் நம் நாடு கிழக்கை நோக்கும் கொள்கையைத் தொடங்கிய பின் எத்தனையோ நம் பிள்ளைகள் படிக்க ஜப்பானுக்குப் போனார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் என் மகனும் போனான். தோக்கியோவில் வேலையும் தேடிக்கொண்டான். "வாங்கப்பா, வாங்கப்பா" என்று அவன் அழைத்தும் ஆறு ஆண்டுகள் நான் அசையவில்லை. பேரன் பிறந்தான். "பேரப்பிள்ளையைப் பார்க்கவும் வீம்பா?" என்று என் மனைவி கேட்டார். 2024 ஆகஸ்டு மாதம் புறப்பட்டேன்.

"எனக்குச் சமயம் இல்லை"

வெளிநாட்டிலிருந்து வருவோரைக் கூலி வாங்காமல் சுற்றிக் காட்டும் தன்னார்வ வழிகாட்டிகள் ஜப்பானின் பல ஊர்களில் இருக்கிறார்கள். பணி ஓய்வு பெற்றவர்கள் பலர் இதைத் தொண்டாகச் செய்கிறார்கள். மகன் எங்களுக்கு ஏற்பாடு செய்த வழிகாட்டி எழுபது வயது கடந்த ஓர் அம்மையார். நடுநிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். நானும் ஆசிரியன் என்று அறிந்ததும் "சென்செய்" என்று என்னை அழைத்தார். ஆசிரியரை அவர்கள் மரியாதையாக அழைக்கும் சொல் அது. நானும் அவரை அப்படியே அழைத்தேன். இரண்டு வாத்தியார்கள் சேர்ந்தால் பேச்சுக்குக் குறைவிருக்குமா!

அவர் எங்களை முதலில் அழைத்துச் சென்றது அசகுசா என்னும் பகுதிக்கு. அங்கே சென்சோஜி என்ற பழைமையான பௌத்தக் கோயில் இருக்கிறது. 628ஆம் ஆண்டு சுமிதா ஆற்றில் மீன் பிடித்த அண்ணன் தம்பி இருவர் வலையில் ஒரு திருவுருவம் சிக்கியது. அதுவே அங்கு எழுந்தருளியிருக்கும் கன்னோன் என்பது தல வரலாறு. கன்னோன் என்பது பௌத்தர்கள் அவலோகிதேசுவரர் என்று போற்றும் கருணை வடிவம். அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே ஷின்தோ ஆலயம் ஒன்று உண்டு. அதில் தெய்வமாக இருப்பவர்கள் யார் தெரியுமா? அந்த மீனவச் சகோதரர்களும் அவர்கள் ஊர்த் தலைவரும்தான்! ஷின்தோ என்பது அந்த மண்ணிலேயே தோன்றிய தெய்வ வழிபாடு. பௌத்தம் ஆறாம் நூற்றாண்டில் கொரியா வழியாக வந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இரண்டும் ஒரே வளாகத்தில் கலந்து வாழ்ந்தன. 1868இல் புதிய அரசு ஆணையிட்டு இரண்டையும் பிரித்தது. ஆணை கோயில்களைப் பிரித்ததே தவிர, மக்கள் மனத்தைப் பிரிக்கவில்லை.

அம்மையார் இரண்டு இடங்களிலும் வணங்கினார். ஷின்தோ ஆலயத்தில் இருமுறை குனிந்து, இருமுறை கை தட்டி, மீண்டும் ஒருமுறை குனிந்தார். பௌத்தக் கோயிலில் கை தட்டக் கூடாது. அமைதியாகக் கைகூப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். "அம்மா, உங்கள் சமயம் எது?" என்று கேட்டேன். "எனக்குச் சமயம் இல்லை" என்றார் சிரித்துக்கொண்டே.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விளக்கினார். நாட்டின் மக்கள் தொகை 12 கோடியைச் சற்றே தாண்டும். ஆனால் சமய அமைப்புகள் அரசிடம் தெரிவிக்கும் அன்பர்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் 16 கோடிக்கும் மேல் வருகிறதாம். ஒருவரே இரண்டு இடத்திலும் எண்ணப்படுகிறார். அதே மக்களிடம் தனித்தனியே கேட்டால் பெரும்பாலோர் "சமயம் இல்லை" என்பார்கள். சமயம் என்பதற்கு அவர்கள் இன்று வழங்கும் "ஷூக்யோ" என்ற சொல்லே அந்தப் பொருளில் நிலைபெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில், மேல்நாட்டாரோடு பழகத் தொடங்கிய பிறகுதான். ஒரு கொள்கையை ஏற்று ஓர் அமைப்பில் சேர்வதையே அந்தச் சொல் அவர்களுக்கு உணர்த்துகிறது. பிள்ளை பிறந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஆலயத்துக்கு எடுத்துச் செல்வதும், மூன்று, ஐந்து, ஏழு வயதில் நவம்பர் மாதத்தில் புத்தாடை உடுத்தி அழைத்துச் செல்வதும், புத்தாண்டில் முதல் வழிபாட்டுக்குப் போவதும், இறந்தால் பௌத்தத் துறவியை அழைப்பதும் அவர்களுக்குச் சமயம் அல்ல. குடும்பம் நடத்தும் முறை. "நம்புகிறாயா என்று எங்களை யாரும் கேட்பதில்லை, சென்செய். செய்தாயா என்றுதான் கேட்பார்கள்" என்றார் அவர்.

அங்கேயும் நம் தெய்வங்கள்

சென்சோஜியிலிருந்து சிறிது தூரம் நடந்தால் மாத்சுசியாமா ஷோதென் என்ற கோயில். அங்கே குடிகொண்டிருப்பவர் கங்கிதென். யானை முகத்தவர்! நம் விநாயகரேதான். திருவுருவத்தை வெளியே காட்டுவதில்லை. திரைக்குப் பின் இருக்கிறார். மக்கள் அவருக்குப் படைப்பது மோதகம் அன்று, வெள்ளை முள்ளங்கி. என் மனைவி ஒரு முள்ளங்கி வாங்கி வைத்துத் தோப்புக்கரணமும் போட்டார். அங்கிருந்த மூதாட்டிகள் புன்னகையோடு பார்த்தார்கள்.

உயேனோ என்ற இடத்தில் குளத்தின் நடுவே பென்சாய்தென் கோயில் உண்டு. நாம் வணங்கும் கலைமகள் அவர். தாய்கோகுதென் என்பவர் மகாகாளர்; தாய்ஷாகுதென் என்பவர் இந்திரன். நரிதா விமான நிலையத்தில் இறங்குவோர் அருகிலுள்ள நரிதாசான் கோயிலுக்குச் சென்றால் நாள்தோறும் "கோமா" நடப்பதைக் காணலாம். பெயரே சொல்கிறதே, அது ஹோமம்தான். இவையெல்லாம் பௌத்தத்தின் கைபிடித்துச் சீனா வழியாகப் போனவை. போதிசேனர் என்ற பாரதத் துறவி 736இல் ஜப்பானை அடைந்தார். 752இல் நாரா நகரின் மாபெரும் புத்தர் திருவுருவத்துக்குக் கண் திறக்கும் சடங்கைச் செய்தவர் அவரே. நம் கும்பாபிஷேகத்தில் சிலைக்குக் கண் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்குள்ளே

ஆலயங்களை யாரும் பார்த்துவிடலாம். ஜப்பானியர் தம் வீட்டுக்குள் அயலாரை அழைப்பது அரிது. அந்த அம்மையார் எங்களை அழைத்தார். தோக்கியோவுக்கு வடமேற்கே சைதாமா மாநிலத்தில், மலையடிவார ஊரில், அவருடைய பிறந்த வீடு இருக்கிறது. அண்ணன் தம்பி இல்லாததால் அவரே அந்த வீட்டைக் காத்து வருகிறார். ஆகஸ்டு 13ஆம் நாள் அங்கே போனோம்.

வாசலில் காலணியைக் கழற்றி, முனை வெளியே பார்க்கும்படி வைத்துவிட்டு மேலே ஏற வேண்டும். அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆயினும் அம்மையார் உள்ளே நுழைந்ததும் "ததைமா" என்று குரல் கொடுத்தார். "வந்துவிட்டேன்" என்று பொருள். வீட்டிலிருப்பவர் அதற்கு "ஒகாயெரி", அதாவது "வா, வா, வந்தாயா" என்று பதில் சொல்வது வழக்கம். யாருமில்லாத வீட்டில் யாரிடம் சொல்கிறார் என்று பார்த்தேன். நேரே உள்ளறைக்குப் போய் ஓர் அலமாரியின் கதவுகளைத் திறந்தார். அதுதான் புத்சுதான், வீட்டுப் புத்தர் பீடம். நடுவே புத்தர், அவருக்குக் கீழே இறந்தவர்களின் பெயர் பொறித்த சிறு மரப்பலகைகள். இறந்த பிறகு துறவி சூட்டும் புதுப்பெயரே அதில் எழுதப்படுகிறது. காலையில் முதலில் வடித்த சோறும், நீரோ தேநீரோ, ஊதுவத்தியும் வைத்து, சிறிய வெண்கலக் கிண்ணத்தைத் தட்டி ஒலி எழுப்பிக் கைகூப்புவார்கள். யாராவது பழமோ பலகாரமோ கொண்டு வந்தால் முதலில் அங்கே வைத்த பிறகுதான் உண்பார்கள். பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் அட்டையைக்கூட அங்கே வைத்துக் காட்டுவது உண்டாம். நாங்கள் கொண்டுபோன முறுக்கும் அங்கே போயிற்று!

அதே வீட்டின் உயரமான இடத்தில் காமிதானா என்னும் ஷின்தோ மாடமும் இருக்கிறது. அதற்கு அரிசி, உப்பு, நீர். வீட்டில் துக்கம் நேர்ந்தால் அந்த மாடத்தை வெள்ளைத் தாளால் மறைத்துவிடுவார்கள். தீட்டு என்ற சொல்லை நான் சொல்லிக் கொடுத்தேன், அவர் தலையசைத்தார்.

நம் பிள்ளைகள் அங்கே போனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்தக் கூடாது. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றவும் கூடாது. முதலாவது இறந்தவருக்குச் சோறு படைக்கும் முறை. இரண்டாவது, தகனம் முடிந்ததும் உறவினர் இருவர் இருவராக நின்று குச்சியால் அஸ்தி எடுக்கும் முறை. காரணம் தெரியாமல் செய்தால் சாப்பாட்டு மேசையே அமைதியாகிவிடும்.

இந்தப் பீடத்தை யார் காப்பது? 1898ஆம் ஆண்டுச் சட்டப்படி குடும்பத்துக்கு ஒரு தலைவர். பெரும்பாலும் மூத்த மகனே அடுத்த தலைவர். மகன் இல்லையென்றால் மருமகனையே தத்தெடுத்து வீட்டுப் பெயரைக் கொடுப்பார்கள். போருக்குப் பின் 1947இல் அந்த முறையைச் சட்டத்திலிருந்து நீக்கி, பிள்ளைகள் அனைவருக்கும் சொத்தில் பங்கு கொடுத்தார்கள். ஆனால் பீடத்தையும் கல்லறையையும் மட்டும் பங்கு போடவில்லை. நினைவுச் சடங்கை யார் முன்னின்று செய்வாரோ அவரிடமே அவை சேரும் என்று புதிய சட்டமும் சொல்கிறது.

முன்னோர் வரும் நான்கு நாட்கள்

நாங்கள் போனது சாதாரண நாள் அன்று. ஆகஸ்டு 13 முதல் 16 வரை, தோக்கியோ போன்ற சில இடங்களில் ஜூலையில், ஓபோன் என்னும் நீத்தார் விழா. முன்னோர் வீட்டுக்கு வந்து தங்கிப் போகும் நாட்கள் அவை. புத்தரின் மாணவர் மௌத்கல்யாயனர் தம் தாய் பசிப்பேய்களின் உலகில் வாடுவதை ஞானக் கண்ணால் கண்டு, புத்தர் சொன்னபடி ஏழாம் மாத முழுநிலவு நாளில் துறவிகளுக்கு அன்னமிட்டுத் தாயைக் கரையேற்றினார் என்பது அதன் கதை.

மாலையில் வாசலில் தோல் உரித்த நார்ச்செடித் தட்டைகளைக் கொளுத்தினார். வருபவர்களுக்கு வழி தெரியவேண்டுமே! பீடத்துக்கு முன் ஒரு மேசை. அதில் குச்சிக் கால்கள் வைத்த ஒரு வெள்ளரிக்காயும் ஒரு கத்தரிக்காயும். வெள்ளரி குதிரை, முன்னோர் விரைந்து வருவதற்கு. கத்தரி மாடு, மெல்லத் திரும்பிப் போவதற்கு. பக்கத்தில் தாமரை இலையில் பொடியாக நறுக்கிய காயும் அரிசியும் நீரும். படையல் எல்லாம் சைவம். என் மனைவி என் கையைத் தொட்டார். எங்கள் இருவருக்கும் எங்கள் வீட்டுப் படையலே நினைவுக்கு வந்தது.

மேசைக்குச் சற்று ஒதுங்கித் தனியே ஒரு சிறு தட்டும் ஒரு குவளை நீரும் இருந்தன. "அது யாருக்கு?" என்று கேட்டேன். "முயென். தொடர்பு அற்றவர்கள். நினைக்க வீட்டார் இல்லாமல் இறந்தவர்கள். எங்கள் வீட்டு வெளிச்சத்தைப் பார்த்து அவர்களும் வருவார்கள், வந்தவரைப் பட்டினி போடக் கூடாது" என்றார்.

பிறகு, "நீங்கள் உங்கள் முன்னோருக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். ஆடி அமாவாசையைப் பற்றிச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்தவன் தாத்தாவைப் பற்றியும் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை.

அவர் நெடுநேரம் பேசவில்லை. எழுந்து, பீடத்திலிருந்து ஒரு பலகையை எடுத்துக் காட்டினார். அவர் தந்தையின் அண்ணன். பர்மாப் போர்முனையில் இறந்தவர். வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்ததாம். திறந்தால் உள்ளே எலும்பு இல்லை, ஒரு கூழாங்கல். போரில் எத்தனையோ வீடுகளுக்கு அப்படித்தான் வந்தது. சயாம் பாதை போடப்பட்டதே பர்மாப் போர்முனைக்குப் படையும் பொருளும் அனுப்பத்தான். அவர் பெரியப்பா அந்தப் பாதையிலேயே போயிருக்கலாம். அவர் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் இருவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

அவர் ஒரு புதுக் குவளையில் நீர் கொண்டு வந்தார். ஒதுக்குப்புறத் தட்டருகே வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை. தம் வீட்டாருக்குரிய மேசையிலேயே வைத்தார். தாத்தாவின் பெயரைக் கேட்டு, மூன்று முறை சொல்லிப் பார்த்து, தம் எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிக் குவளையருகே வைத்தார். பிறகு தரையில் நெற்றி படக் குனிந்தார்.

அன்பர்களே, உண்மையைச் சொல்கிறேன். அந்த வேளையில் என் மனம் உடனே இளகிவிடவில்லை. பாட்டியின் பொட்டுதான் கண்முன் நின்றது. மன்னிக்கும் உரிமை பாட்டிக்குத்தான் உண்டு; எனக்கு இல்லை. ஆனால் தாகத்தோடு இறந்த ஒருவருக்கு வைத்த தண்ணீரை வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. ஊதுவத்தி ஒன்றை ஏற்றி அந்தக் கூழாங்கல்காரருக்கு வைத்தேன். கும்பிட்டேன்.

அணையும் விளக்குகள்

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஜப்பானியர் வீட்டுக்கு வீடு முன்னோரைப் போற்றுகிறார்கள், நாம்தான் மறந்துவிட்டோம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அங்கேயும் விளக்குகள் அணைந்து வருகின்றன. 2020ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 38 குடும்பங்கள் ஒரே ஆள் வாழும் குடும்பங்கள். 2024இல் பிறந்த ஜப்பானியக் குழந்தைகளின் எண்ணிக்கை முதன்முறையாக ஏழு இலட்சத்துக்குக் கீழே இறங்கியது. நகர வீடுகளில் பீடம் வைக்க இடமில்லை. ஊரிலுள்ள கல்லறையைக் கழுவ ஆளில்லை. அதனால் குடும்பக் கல்லறையை மூடி, அஸ்தியை எடுத்து வேறிடம் சேர்த்துவிடுகிறார்கள். இதை ஹாகாஜிமாய் என்கிறார்கள். அஸ்தியை இப்படி இடம் மாற்றுவது 2022 நிதியாண்டில் மட்டும் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியது.

அந்த அம்மையாரின் மகன் தோக்கியோவில், மகள் கனடாவில். இருவரும் நல்லவர்கள், ஆனால் ஊருக்குத் திரும்பப் போவதில்லை. தம் காலத்திலேயே கல்லறையை மூடிவிட்டு, அனைவரையும் ஊர்க் கோயிலில் எய்தாய் குயோ முறையில் ஒப்படைக்கத் தீர்மானித்திருக்கிறார். ஒருமுறை காணிக்கை செலுத்தினால், வாரிசு இல்லாவிட்டாலும் கோயிலே நினைவு வழிபாட்டைத் தொடர்ந்து நடத்தும். பல கோயில்களில் 33 ஆண்டுகள் வரை தனியே வைத்திருந்து, பிறகு பொது நினைவிடத்தில் சேர்ப்பார்கள். 33ஆம் ஆண்டோடு இறந்தவர் தம் தனிப்பெயர் கரைந்து முன்னோரோடு ஒன்றாகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. "என் பிள்ளைகளுக்குச் சுமை வைக்க விரும்பவில்லை. ஆனால் பெரியப்பாவுக்கு யாராவது தண்ணீர் வைக்க வேண்டுமே" என்றார்.

நம் ஆலயத்துக்கு ஒரு வேண்டுகோள்

உபயகாரர்களே, இதைக் கேட்டபோது எனக்கு நம் கட்டளைகள்தாம் நினைவுக்கு வந்தன. தமக்குப் பின்னும் ஒரு விளக்கு எரிய வேண்டும் என்று நம் பெரியவர்கள் அறக்கட்டளை வைத்ததும் இதே எண்ணத்தில்தானே? வீட்டில் கை இல்லாதபோது ஆலயத்தின் கை நீள வேண்டும். நம் தர்ப்பணத்தின் முடிவிலும், தாய் தந்தை, உற்றார் உறவினர் எவரும் இல்லாதவர்களும் இந்த நீரால் நிறைவடையட்டும் என்று ஒருமுறை நீர் விடுகிறோம். குருக்கள் சொல்லச் சொல்ல நாமும் செய்கிறோம். யாருக்கு என்று எண்ணிப் பார்ப்பதில்லை. சயாமுக்குப் போய்த் திரும்பாத பல்லாயிரவரில் எத்தனை பேருக்கு அந்த ஒரு கை நீர் மட்டுமே மிச்சம்!

ஆகவே செயலவையில் நான் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று நாள் தெரியாமல் போனவர்களுக்கும், நினைக்க ஆளில்லாதவர்களுக்கும் ஆலயத்தின் பெயரில் ஒரு விளக்கு ஏற்ற வேண்டும். அலுவலகத்தில் ஓர் ஏடு வைக்க வேண்டும். சயாமுக்குப் போனவர், முதியோர் இல்லத்தில் தனியாக இறந்தவர், யாராக இருந்தாலும் உங்களுக்குத் தெரிந்த பெயரை அதில் எழுதுங்கள். ஊரும் ஆண்டும் தெரிந்தால் சேர்த்து எழுதுங்கள். தெரியாவிட்டால் பெயர் போதும். வீட்டில் எண்பது தொண்ணூறு வயதுப் பெரியவர்கள் இருந்தால் இன்றிரவே உட்கார்ந்து கேளுங்கள். அவர்களோடு அந்தப் பெயர்களும் போய்விடும்.

வாத்தியார் நன்கொடைக்குத்தான் அடிப்போடுகிறார் என்று சிலர் நினைப்பது தெரிகிறது. இல்லை. விளக்குக்கு எண்ணெய் வாங்க ஆலயத்தில் பணம் இருக்கிறது. பெயர்கள்தாம் இல்லை.

என் தாத்தாவின் பெயரை நான் முதல் பக்கத்தில் எழுதுகிறேன். அதற்கு அடுத்த வரியில், செயலவை அனுமதித்தால், அந்தக் கூழாங்கல்காரரின் பெயரையும் எழுத விரும்புகிறேன். வேண்டாம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள்; அவர்கள் வீட்டுத் துயரம் எனக்குப் புரியும். அதைப் பேசித் தீர்மானிப்போம். தாத்தாவுக்கு அந்த வீட்டில் ஒரு குவளை தண்ணீர் கிடைத்தது என்பதை மட்டும் உங்கள் முன் சொல்லிவைக்கிறேன்.

மணி அடித்துவிட்டது. எல்லோருக்கும் இறையருளும் முன்னோர் ஆசியும் கிட்டுமாக.